எல்லைக் கோட்டில் ஒரு கோர்ட்டு

அமெரிக்காவுக்குப் பிரயாணம் போகிறவர்கள் நியூயார்க்கில் இறங்கி வானளாவிய கட்டடங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பார்கள். நயாகரா நீர்வீழ்ச்சியின் சாரலில் நனைவார்கள். வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் கம்பி வேலிக்கு வெளியே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், வாசகர்களே, இந்த வாரம் உங்களை நான் அழைத்துப் போகிற ஊர் அந்தப் பாதையில் இல்லை. அதன் பெயர் ஃபோர்ட் ஸ்மித். ஆர்க்கன்ஸா மாகாணத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. 'ஆர்க்கன்ஸாஸ்' என்று எழுதிவிட்டு 'ஆர்க்கன்ஸா' என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். கடைசி 'ஸ்' எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது!

மாகாணத் தலைநகரான லிட்டில் ராக்கிலிருந்து மேற்கே சுமார் 160 மைல் வந்தால் ஃபோர்ட் ஸ்மித் வந்துவிடும். ஊரின் விளிம்பில் ஒரு மேடு. அதன் அடியில் பொட்டோ என்ற சிறிய ஆறு வந்து ஆர்க்கன்ஸா ஆற்றில் கலக்கிறது. பழைய காலத்தில் இங்கே வந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தின் அழகைக் கண்டு 'பெல் பாயிண்ட்', அதாவது 'அழகிய முனை' என்று பெயர் வைத்தார்கள். மாலை நேரத்தில் அந்த மேட்டின்மேல் நின்று மேற்கே பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று நீங்களும் சொல்வீர்கள்.

இந்த அழகிய முனைக்குப் பக்கத்தில்தான் 79 பேரைத் தூக்கிலிட்டார்கள். அவ்வளவு பேருக்கும் தண்டனை விதித்தவர் ஒரே நீதிபதி. அவர் பெயர் ஐஸக் பார்க்கர். 'தூக்கு நீதிபதி' என்று சரித்திரம் அவருக்குப் பட்டம் சூட்டியிருக்கிறது. அந்தப் பட்டம் பொருத்தம்தானா என்பதை அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவோம், வாருங்கள்.

ஆற்றுக்கு அப்பால்

முதலில் அந்த மேட்டின்மேல் நில்லுங்கள். எதிரே தெரிவது இன்றைய ஓக்லஹாமா மாகாணம். அன்று அதற்கு 'இந்தியன் டெரிட்டரி' என்று பெயர். நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கொலம்பஸ் வழி தவறிப் போய், இறங்கிய இடத்தை இந்தியா என்று நினைத்துக்கொண்டதால் அந்த மண்ணின் பூர்வ குடிகளுக்கு வந்து சேர்ந்த பெயர் அது. 1830-ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் இயற்றியது. தென்கிழக்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த பழங்குடி மக்களை மிஸிஸிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்புவதற்கான சட்டம் அது. செரோக்கி, சோக்டா, சிக்கஸா, கிரீக், செமினோல் என்ற ஐந்து இனத்தவரும் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். வழியில் பசியாலும் குளிராலும் நோயாலும் ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அந்த வழிக்குக் 'கண்ணீர்ப் பாதை' என்றே பெயர். ஆற்றைப் பார்த்த மேட்டில் இன்றைக்கும் அதை நினைவூட்டும் இடம் ஒன்று இருக்கிறது. பலர் அதைத் தாண்டி நேரே தூக்கு மேடையைப் பார்க்க ஓடிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். இந்தக் கதையின் ஆரம்பம் அங்கேதான் இருக்கிறது.

ஆற்றுக்கு அப்பால் குடியேறிய அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. தங்களுக்கென்று அரசாங்கம், பள்ளிக்கூடம், போலீஸ், கோர்ட்டு எல்லாம் ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய கோர்ட்டுக்கு ஒரு சங்கடம். தங்கள் இனத்தவரை மட்டுமே அது விசாரிக்கலாம். வெளியிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்து அங்கே கொலை செய்துவிட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. மத்திய சர்க்காரின் கோர்ட்டுதான் அவனை விசாரிக்க வேண்டும். அந்தக் கோர்ட்டோ ஆற்றுக்கு இப்பால், ஃபோர்ட் ஸ்மித்தில் இருந்தது.

விளைவு என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? உள்நாட்டு யுத்தம் 1865-ல் ஓய்ந்தது. கையில் துப்பாக்கியும் மனத்தில் வெறியுமாக அலைந்தவர்கள், பாங்குக் கொள்ளைக்காரர்கள், குதிரை திருடுகிறவர்கள், கள்ளச் சாராயம் விற்கிறவர்கள் எல்லோரும் ஆற்றைத் தாண்டினார்கள். தாண்டிவிட்டால் கேட்பாரில்லை. தங்கள் நிலத்தை இழந்து வந்த மக்களுக்கு, வந்த இடத்திலும் நிம்மதி இல்லாமல் போயிற்று.

சரி, ஃபோர்ட் ஸ்மித்தில் இருந்த கோர்ட்டு என்ன செய்தது? அங்கே வேலியே பயிரை மேய்ந்துகொண்டிருந்தது. பார்க்கருக்கு முன்னால் நீதிபதியாக இருந்த வில்லியம் ஸ்டோரி என்பவர்மேல் லஞ்ச ஊழல் புகார்கள் குவிந்தன. பதவி நீக்கத் தீர்மானம் வரும் என்ற நிலையில் 1874-ல் ராஜினாமாச் செய்துவிட்டுப் போனார்.

அரசியல்வாதி நீதிபதியானார்

இந்தச் சமயத்தில்தான் பார்க்கர் வந்து சேர்ந்தார். 1838-ல் ஒஹையோ மாகாணத்தில் பிறந்தவர். 1859-ல் வக்கீலானார். அதே வருஷம் மேற்கே போய் மிஸ்ஸூரி மாகாணத்தில் செயிண்ட் ஜோஸப் என்ற ஊரில் தொழில் நடத்தினார். மேரி ஓடூல் என்ற பெண்ணை 1861-ல் மணந்தார். அரசியலில் முதலில் டெமாக்ரடிக் கட்சி. யுத்தம் மூண்டதும் ஆப்ரஹாம் லிங்கனின் ரிபப்ளிகன் கட்சிக்கு மாறினார். 1864-ல் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் ஒருவராக லிங்கனுக்கு வோட்டுப் போட்டார். பிறகு ஜில்லா நீதிபதி ஆனார். 1871 முதல் 1875 வரை இரண்டு தடவை வாஷிங்டன் காங்கிரஸ் சபையில் அங்கத்தினராக இருந்தார்.

சபையில் அவர் என்ன பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். மாகாண அந்தஸ்துப் பெறாத பிரதேசங்களில் பெண்களுக்கு வோட்டுரிமையும் பதவி வகிக்கும் உரிமையும் வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். அது தோற்றது. பழங்குடி மக்களை நியாயமாக நடத்த வேண்டும் என்றும் வாதாடினார். 'தூக்கு நீதிபதி' என்ற பட்டத்தைக் கேட்டதும் நம் மனத்தில் எழுகிற கடுகடுத்த முகத்துக்கும் இந்த அரசியல்வாதிக்கும் பொருத்தமில்லையே என்று தோன்றுகிறதல்லவா?

மிஸ்ஸூரியில் அரசியல் காற்றுத் திசை மாறியது. செனட் சபைக்குப் போகும் வழி அடைபட்டது. ஜனாதிபதி கிராண்ட் அவருக்கு யூட்டா பிரதேசத்தின் தலைமை நீதிபதி பதவியைக் கொடுக்க முன்வந்தார். பார்க்கர், "அது வேண்டாம், ஃபோர்ட் ஸ்மித் போதும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வருஷத்துக்கு 3,500 டாலர் சம்பளம். ஆயுள் உத்தியோகம்.

1875 மே மாதம் 4-ம் தேதி வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 36. 10-ம் தேதி கோர்ட்டு ஆரம்பமாகிவிட்டது. அவருடைய அதிகாரம் செல்லும் பரப்பு 74,000 சதுர மைல். இங்கிலாந்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அத்தனைக்கும் ஒரே நீதிபதி!

கோர்ட்டுக்குள் நுழைவோம்

இப்போது மேட்டை விட்டு இறங்கிச் சற்றுக் கிழக்கே வாருங்கள். செங்கல் கட்டடம் ஒன்று தெரிகிறது. பட்டாளத்துச் சிப்பாய்கள் தங்குவதற்காகக் கட்டியது. பட்டாளம் 1871-ல் ஊரை விட்டுப் போனபின் கோர்ட்டு இங்கே குடிவந்தது. 1961 முதல் இந்த இடம் தேசியச் சரித்திரச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. உள்ளே கோர்ட்டு அறையைப் பார்க்கரின் காலத்தில் இருந்தபடியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். உயரமான மேஜை, அதன் பின்னால் நீதிபதியின் நாற்காலி, பக்கத்தில் ஜூரிகளின் 12 ஆசனங்கள்.

இங்கே வாரத்துக்கு ஆறு நாள் கோர்ட்டு நடந்தது. பொழுது சாய்ந்த பிறகும் விளக்கு வைத்துக்கொண்டு விசாரித்த நாட்கள் உண்டு. 21 வருஷத்தில் 13,490 வழக்குகள் இந்த நீதிபதியின் முன் வந்தன. அவற்றில் 9,400-க்கு மேற்பட்டவற்றில் குற்றம் ருசுவாயிற்று, அல்லது குற்றவாளியே ஒப்புக்கொண்டான். பெரும்பாலானவை சாராயக் கடத்தல், திருட்டு போன்ற வழக்குகள். 'கொள்ளைக்காரிகளின் ராணி' என்று பத்திரிகைகள் கொண்டாடிய பெல் ஸ்டார் என்பவள் 1883-ல் குதிரைத் திருட்டுக்காக இதே அறையில்தான் நின்றாள். பார்க்கர் அவளை டெட்ராய்ட் நகரத்துச் சிறைக்கு அனுப்பினார். ஒன்பது மாதம் கழித்துத் திரும்பி வந்தாள்.

மரண தண்டனைக்குரிய வழக்குகள் 344. அவற்றில் அவர் தூக்குத் தண்டனை விதித்தது 160 பேருக்கு. நிறைவேறியது 79 பேருக்கு. நான்கு பெண்களுக்கும் தண்டனை விதித்தார். ஆனால் அவர்களில் ஒருத்தியும் தூக்கிலிடப்படவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அன்றைய மத்திய சர்க்கார் சட்டப்படி கொலைக் குற்றம் ருசுவானால் தண்டனை ஒன்றே ஒன்றுதான். குற்றவாளியா, இல்லையா என்று சொல்பவர்கள் ஜூரிகள். 'ஆம்' என்று அவர்கள் சொல்லிவிட்டால் நீதிபதிக்கு வேறு வழி கிடையாது. ஆயுள் தண்டனை என்று குறைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் ஜனாதிபதி ஒருவருக்கே இருந்தது.

சட்டம் அப்படி இருந்தபடியால் பார்க்கர்மேல் குற்றமே இல்லை என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று இடங்கள் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ஷல்கள்

குற்றவாளிகள் தாங்களாகவா கோர்ட்டுக்கு வருவார்கள்? அவர்களைப் பிடித்துவர 200 டெபுடி மார்ஷல்கள் வரை வைத்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது. இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. இத்தனை மைல் போனால் இவ்வளவு, ஒரு கைதியைக் கொண்டுவந்தால் இவ்வளவு என்று கூலி. தேடிப்போன ஆசாமி கைகலப்பில் செத்துப்போனால் கூலியும் போச்சு. அடக்கச் செலவும் மார்ஷல் தலையில்! குதிரை, துப்பாக்கி, கைதிகளை ஏற்றிவர வண்டி, ஒரு சமையற்காரன் என்று புறப்பட்டுப் போனால் திரும்பி வர மாதக் கணக்காகும். பார்க்கரின் காலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட மார்ஷல்கள் வேலையிலேயே உயிர்விட்டார்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் எண்ணிக்கையைச் சொல்கிறவர்கள் இந்த எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவர்களில் ஒருவருக்கு ஊருக்குள் வெண்கலச் சிலை இருக்கிறது. குதிரைமேல் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார். பாஸ் ரீவ்ஸ் என்று பெயர். 1838-ல் நீக்ரோ அடிமையாகப் பிறந்தவர் என்று அந்தக் காலத்துப் புத்தகங்கள் எழுதும். கறுப்பு இனத்தவர் என்று நாம் சொல்வோம். யுத்த காலத்தில் தப்பியோடி இந்தியன் டெரிட்டரியில் பழங்குடி மக்களோடு வாழ்ந்து அவர்கள் பாஷைகளைக் கற்றுக்கொண்டார். மேற்கே போகும் வழியெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பார்க்கர் பதவிக்கு வந்த 1875-ம் வருஷமே மார்ஷல் உத்தியோகம் கிடைத்தது.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பின் வாரண்டை எப்படி நிறைவேற்றினார்? கிளம்புமுன் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார். எந்தத் தாளில் எவன் பெயர் என்று மனத்தில் பதித்துக்கொள்வார். 32 வருஷ சேவையில் 3,000-க்கு மேற்பட்டவர்களைக் கைது செய்ததாகக் கணக்குச் சொன்னார். ஒரு தடவை அவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார். தம் சமையற்காரனைச் சுட்டுக் கொன்றதாக வழக்கு. 1887-ல் பார்க்கரின் முன்னால் விசாரணை நடந்து விடுதலையானார். பிற்காலத்தில் அவர் பெற்ற மகனே மனைவியைக் கொன்றுவிட்டு ஓடியபோது, "அந்த வாரண்டை என்னிடம் கொடுங்கள்" என்று வாங்கிக்கொண்டு போய் மகனைக் கைது செய்து வந்தார். மனுநீதிச் சோழன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மனிதரைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. அவருக்குச் சிலை எழுந்தது 2012-ல்தான்.

நிலவறைச் சிறை

மறுபடி கோர்ட்டுக் கட்டடத்துக்கு வாருங்கள். படிகளில் இறங்கி அடித்தளத்துக்குப் போவோம். தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

இதுதான் ஜெயில். கோர்ட்டுக்கு நேர் கீழே. கல் தளம் போட்ட இரண்டே பெரிய அறைகள். விசாரணையை எதிர்நோக்கி இருந்தவன், தண்டனை பெற்றவன், கொலைகாரன், ஒரு புட்டிச் சாராயம் விற்றவன் எல்லோரும் ஒன்றாகக் கிடந்தார்கள். காற்றும் வெளிச்சமும் கொஞ்சம்தான். கழிப்பறை கிடையாது, வாளிகள்தான். கோடைகாலத்தில் என்ன நாற்றம் நாறியிருக்கும் என்பதை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. 'எல்லையில் ஒரு நரகம்' என்று இதற்குப் பெயர் வந்தது.

1885-ல் ஆன்னா டாஸ் என்ற பெண்மணி இந்த ஜெயிலை வந்து பார்த்தார். மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து செனட்டர் ஹென்றி டாஸின் புதல்வி. பார்த்ததை உள்ளபடி எழுதினார். படித்தவர்கள் அதிர்ந்தார்கள். அடுத்த வருஷமே காங்கிரஸ் சபை பணம் ஒதுக்கியது. 1888-ல் பக்கத்திலேயே மூன்று அடுக்குக் கொண்ட புது ஜெயில் திறக்கப்பட்டது. ஒரு பெண்ணின் பேனாவுக்கு இருந்த வலிமையைப் பாருங்கள். ஆனால் அதுவரை 13 வருஷம் மேலே நீதி நடந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே இந்த நரகமும் நடந்துகொண்டிருந்தது. குற்றம் ருசுவாகாமல் விடுதலையாகிப் போனவர்களும் இங்கே கிடந்துவிட்டுத்தான் போனார்கள்.

தூக்கு மேடை

இனி, எல்லாரும் பார்க்கத் துடிக்கிற இடம். புல்வெளியின் கோடியில் வெள்ளை அடித்த மர மேடை. மேலே கூரை, குறுக்கே நீளமான உத்தரம். நீங்கள் பார்ப்பது பழைய மேடையல்ல. அதை 1897-ல் ஊர்க்காரர்களே எரித்துவிட்டார்கள். பார்க்கர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை! அந்தப் பெயர் தங்கள் ஊருக்கு வேண்டாம் என்று நினைத்தார்கள் போலும். பிற்காலத்தில் அதே ஊர் அதே மாதிரி மேடையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறது. எரித்தால் சரித்திரம் அழிந்துவிடுமா?

1875 செப்டம்பர் 3-ம் தேதி இந்த இடத்தில் ஆறு பேரை ஒரே சமயத்தில் தூக்கிலிட்டார்கள். பார்க்கரின் முதல் கோர்ட்டுத் தொடரில் தண்டனை பெற்றவர்கள் அவர்கள். சுமார் 5,000 பேர் திருவிழாவுக்கு வருவதுபோல் குழந்தை குட்டிகளோடு வந்து கூடினார்கள். தூரத்து நகரங்களிலிருந்து நிருபர்களும் வந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி தேசத்தையே கலக்கியது. பின்னால் மேடையைச் சுற்றி உயரமான வேலி அடைத்தார்கள். அதன்பின் அனுமதி பெற்றவர்கள் மட்டுமே உள்ளே போகலாம்.

கயிற்றை மாட்டியவர் ஜார்ஜ் மாலிடன். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர். குள்ளமான உருவம், நீண்ட தாடி, வாய் பேசாத சுபாவம். அவருக்கு ஒரு மகள் இருந்தாள். 1895-ல் அவளைக் காதலன் சுட்டுக் கொன்றான். வழக்குப் பார்க்கரிடம் வந்தது. அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார் பார்க்கர். ஆனால் அந்தத் தூக்கு நடக்கவில்லை. வாஷிங்டனிலுள்ள சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பை ரத்துச் செய்தது. மறு விசாரணைகளுக்குப் பிறகு அவனுக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை. அறுபது பேர் கழுத்தில் கயிறு மாட்டியவர் என்று பெயர் பெற்ற தகப்பன், சொந்த மகளைக் கொன்றவன் தப்பியதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பீல்

சுப்ரீம் கோர்ட்டு எப்படி நடுவே வந்தது? அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும். பார்க்கரின் கதையில் நெஞ்சை உறுத்தும் பகுதி அது.

முதல் 14 வருஷம் பார்க்கரின் தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது. மரண தண்டனை பெற்றவனுக்கு மிஞ்சியிருந்தது ஜனாதிபதியின் கருணை ஒன்றுதான். 1889-ல் காங்கிரஸ் சபை சட்டம் செய்தது. மரண தண்டனை பெற்றவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்யலாம் என்ற வழி பிறந்தது. அப்பீல்கள் போயின. ஃபோர்ட் ஸ்மித்திலிருந்து போனவற்றில் மூன்றில் இரண்டு பங்கைச் சுப்ரீம் கோர்ட்டு புரட்டிவிட்டது!

குற்றச்சாட்டு என்ன? விசாரணை முடிவில் ஜூரிகளுக்குச் சட்டத்தை விளக்கிச் சொல்வது நீதிபதியின் கடமை. பார்க்கர் மணிக்கணக்காக விளக்குவார். அந்த விளக்கம் பல சமயம் வாதிப் பக்கத்து வக்கீலின் பேச்சைப் போல் இருந்தது என்பதுதான் மேல் கோர்ட்டின் குறை.

ஆனால் எல்லாத் தடவையும் அவர் கடுமையின் பக்கம்தான் நின்றார் என்று எண்ணிவிடாதீர்கள். பேர்டு என்ற ஒரு விவசாயியின் வழக்கைக் கேளுங்கள். ஒரு பசு மாடு யாருக்குச் சொந்தம் என்று தகராறு. எதிராளிகள் அவனுடைய நிலத்துக்குள்ளேயே வந்து சண்டை பிடித்தார்கள். ஒருவன் சட்டைப் பைக்குள் கை விட்டான். ஆயுதம் எடுக்கிறான் என்று எண்ணிய பேர்டு, தன் துப்பாக்கியால் அவன் தலையில் அடித்தான். அவன் செத்துப்போனான். பார்க்கர் ஜூரிகளிடம், ஒதுங்கிப் போக வழியிருந்தால் ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். உயிரை எடுப்பது கடைசி வழியாகத்தான் இருக்கலாம் என்று விளக்கினார். பேர்டுக்கு எட்டு வருஷச் சிறை. 1895-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. தன் சொந்த நிலத்தில் நிற்கிறவன் பின்வாங்கிப் போகத் தேவையில்லை என்றது. தற்காப்பு வழக்குகளில் அந்தத் தீர்ப்பை அமெரிக்க வக்கீல்கள் இன்றைக்கும் எடுத்துக் காட்டுகிறார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: 'ஒதுங்கிப் போ, கொல்லாதே' என்று சொன்னவர் தூக்கு நீதிபதி!

அதே 1895-ம் வருஷம் ஜூலை மாதம் இன்னொரு சம்பவம். 'செரோக்கி பில்' என்ற இளைஞன், இருபது வயதுகூட நிரம்பாதவன், கொலைக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை பெற்றுப் புது ஜெயிலில் இருந்தான். அவனுடைய அப்பீல் வாஷிங்டனில் கிடந்தது. யாரோ ரகசியமாகக் கொடுத்த கைத்துப்பாக்கியை வைத்துத் தப்பிக்க முயன்றான். லாரன்ஸ் கீட்டிங் என்ற காவலரைச் சுட்டுக் கொன்றான். ஜெயிலே போர்க்களமாயிற்று. கடைசியில் ஹென்றி ஸ்டார் என்ற மற்றொரு கைதி, அவனும் ஒரு கொலை வழக்கில் மாட்டியவன்தான், அறைக்குள் போய்ப் பேசித் துப்பாக்கியை வாங்கி வந்தான்.

பார்க்கர் கொதித்துப்போனார். அப்பீல் என்று காலம் கடத்தியதால்தான் ஒரு நல்ல காவலர் உயிர் போயிற்று என்று பத்திரிகைகளில் சுப்ரீம் கோர்ட்டைப் பகிரங்கமாகவே சாடினார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? கீட்டிங்கின் குடும்பத்திடம் போய் நம்மால் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஹென்றி ஸ்டாரைக் கவனியுங்கள். அவனுக்குப் பார்க்கர் விதித்த தூக்குத் தண்டனையை அப்பீலில்தான் ரத்துச் செய்தார்கள். அப்பீல் இல்லாதிருந்தால் அவன் அந்த ஜூலை மாதம் உயிரோடு இருந்திருக்கவே மாட்டான். துப்பாக்கியை யார் வாங்கி வந்திருப்பார்கள்? 1889-க்கு முன்னால், அப்பீல் இல்லாத காலத்தில் தூக்கு மேடை ஏறியவர்களில், மேல் கோர்ட்டு பார்த்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? மூன்றில் இரண்டு என்ற கணக்கை நினைத்தால் உடல் நடுங்குகிறது. இரண்டு பக்கமும் உயிர்கள். இதற்குச் சுலபமான தீர்ப்பு எவரிடமும் இல்லை.

படுக்கையில் சொன்ன வார்த்தை

பார்க்கரின் ராஜ்யம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகியது. 1883-லேயே ஒரு பகுதியைக் கான்ஸஸுக்கும் டெக்ஸஸுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். 1889-ல் டெரிட்டரிக்குள்ளேயே ஒரு கோர்ட்டு வந்தது. சாட்சி சொல்ல நூறு, இருநூறு மைல் குதிரையில் வர வேண்டிய ஜனங்களுக்கு இது நிம்மதிதான். கடைசியாக 1896 செப்டம்பர் 1-ம் தேதியோடு ஆற்றுக்கு அப்பால் அவருக்கிருந்த அதிகாரம் முழுதும் முடிந்தது.

அன்று பார்க்கர் கோர்ட்டுக்கு வரவில்லை. சிறுநீரக நோயால் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஆறடி உயரமான மனிதர். ஐம்பத்தெட்டு வயதுக்குள் தலையும் தாடியும் பஞ்சாய் வெளுத்துவிட்டன. அந்த நாட்களில் செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பத்திரிகையிலிருந்து ஏடா பாட்டர்ஸன் என்ற பெண் நிருபர் பேட்டி காண வந்தார். ராட்சசனைப் பார்க்கப் போகிறோம் என்று எண்ணி வந்தவர், சாந்தமான ஒரு கிழவரைக் கண்டு வியந்து எழுதினார்.

பேட்டியில் பார்க்கர் சொன்னதைக் கேளுங்கள். மரண தண்டனையை ஒழிப்பதற்கு நான் ஆதரவானவன் என்றார்! ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். குற்றம் செய்தால் தண்டனை நிச்சயம் என்ற நிலை இருக்க வேண்டும். தண்டனை எதுவாக இருந்தாலும் சரி, அது தப்பாமல் வந்து சேர வேண்டும். அந்த நிச்சயம் இல்லாததுதான் நம் நீதியின் பலவீனம் என்றார்.

79 பேரைத் தூக்குக்கு அனுப்பியவர் 21 வருஷ அனுபவத்தில் கண்டது இது. குற்றவாளியை அடக்குவது கயிற்றின் கடுமையல்ல. அகப்படுவோம் என்ற நிச்சயம்தான். அப்படியானால் ஃபோர்ட் ஸ்மித்தில் சட்டத்தை நிலைநாட்டியவர்கள் யார்? கயிறு திரித்த மாலிடனைக் காட்டிலும், வாரண்டை மனப்பாடம் செய்துகொண்டு குதிரை ஏறிய பாஸ் ரீவ்ஸும், திரும்பி வராமல் போன அந்த அறுபதுக்கு மேற்பட்ட மார்ஷல்களும், நூறு மைல் நடந்து வந்து சாட்சி சொன்ன பெயர் தெரியாத ஜனங்களும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் பார்க்கரே ஒப்புக்கொண்டிருப்பார்.

1896 நவம்பர் 17-ம் தேதி அவர் காலமானார். செய்தி எட்டியதும் ஜெயிலிலிருந்த கைதிகள் கும்மாளம் போட்டார்கள் என்று சொல்வார்கள். அடக்கத்தின்போது கிரீக் இனத் தலைவர்களில் ஒருவரான பிளெஸண்ட் போர்ட்டர், ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்து சமாதிமேல் காட்டுப் பூ மாலை ஒன்றை வைத்தார் என்றும் சொல்வார்கள்.

ஊருக்குள்ளேயே இருக்கும் தேசிய மயானத்தில் அந்தச் சமாதியைப் பார்க்கலாம். சிப்பாய்களின் கல்லறைகளுக்கு நடுவே, அவற்றைப் போலவே ஒரு சாதாரண வெள்ளைக் கல். ஊருக்கு அவர் செய்த வேறு காரியங்களும் உண்டு. பட்டாளத்துக்குச் சொந்தமான நிலத்தைப் பள்ளிக்கூடங்களுக்காக 1884-ல் ஊருக்கு வாங்கித் தந்ததில் அவருக்குப் பங்குண்டு. பள்ளிக்கூட நிர்வாகத்திலும் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலும் உழைத்திருக்கிறார். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 'ட்ரூ கிரிட்' என்ற நாவல் 1968-ல் வந்தது. மறு வருஷம் ஜான் வேய்ன் நடித்துப் படமாகவும் வந்தது. ஃபோர்ட் ஸ்மித்தும் தூக்கு மேடையும்தான் உலகத்தின் மனத்தில் நின்றன.

மழை விட்டும் தூவானம் விடவில்லை. ஆற்றுக்கு அப்பால் யாரை யார் விசாரிப்பது என்ற பழைய கேள்வி 2020-ல் மறுபடி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கிரீக் மக்களுக்கு உடன்படிக்கையில் ஒதுக்கிய நிலம் சட்டப்படி இன்னும் அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலமே. ஆகவே அங்கே பழங்குடியினர் செய்யும் பெருங்குற்றங்களை ஓக்லஹாமா மாகாணம் விசாரிக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. 2022-ல் மற்றொரு தீர்ப்பு, மாகாணத்துக்கும் ஓரளவு அதிகாரம் உண்டு என்று எல்லையைத் திரும்ப வரைந்தது. கோடு போடுவதும் அழிப்பதும் இன்னும் ஓயவில்லை.

ஆகவே, வாசகர்களே, உங்களுக்கு அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால் ஃபோர்ட் ஸ்மித்தில் ஒரு நாள் தங்குங்கள். 2023-ல் திறந்த மார்ஷல்களின் மியூசியத்தையும் பாருங்கள். வருகிறவர்கள் எல்லோரும் தூக்கு மேடைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்; நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு கோர்ட்டு அறைக்குப் போய் ஜூரிகளின் 12 ஆசனங்களுக்கு எதிரே சிறிது நேரம் நில்லுங்கள். குதிரையையும் கலப்பையையும் விட்டுவிட்டு வந்த சாதாரண மனிதர்கள் அங்கே உட்கார்ந்து, முன்பின் அறியாத ஒருவனுடைய உயிரைப் பற்றி 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆசனத்தில் நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?